அட்டைக்கு அடியில்

லட்லோ காப்பகத்தின் நிலவறையில்
ரோவெனா படத்தைக் கவிழ்த்து வைக்கிறாள்.
துருப்பிடித்த ஆணிகள் பதினொன்று.
ஒன்று வர மறுத்தது. குறடு வைத்துத் திருகினாள்,
மன்னிப்புக் கேட்பதுபோல் எதையோ முணுமுணுத்தபடி.

கண்ணாடியை எடுத்ததும்
நூற்று எண்பது வருடத்து நவம்பர்க் காலை
மேசையில் வாடை விட்டது:
பூஞ்சை, கரிப்புகை, கொஞ்சம் பசை.

குதிரைகள் ஏழு. வேலி தாண்டும் ஒன்றின்
வயிறு தரையைவிட்டு எழுந்துவிட்டது,
பின்னங்கால்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.
நாய்களுக்கு வண்ணமே கிடையாது.
சுற்றிலும் புல்லைத் தீட்டிவிட்டு
காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறான் சைலஸ் ஹெப்வொர்த்.
இருபத்திரண்டு இடங்களில் தீட்டாமல் விட்ட வெள்ளை
குரைத்துக்கொண்டு ஓடுகிறது.
குதிரைகளின் மூச்சாவி
பேனாக்கத்தியால் சுரண்டியது.

கோட்டுகள்தான் ஏமாற்றிவிட்டன.
தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று
சர் ஆம்ப்ரோஸ் டில்னி தனியாகப் பணம் கொடுத்த சிவப்பு.
கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சியை
உலர்த்தி இடித்தெடுத்தது.
விலை கூடுதல். வெயில் ஆகாது.
சாப்பாட்டு அறையில், தெற்கு ஜன்னலுக்கு நேர் எதிரே
ஆணி அடிக்கச் சொன்னவரும் அவரே.
இப்போது, பலமுறை அலசிய இறைச்சியின் நிறத்தில்
குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.
வானத்துக்கு அவுரி. அதுவும் போய்விட்டது.

நரி இருக்கிறது.
வயலின் கோடியில், சுண்டுவிரல் நக அளவு,
சுட்ட மண்ணைக் குழைத்து ஒரே இழுப்பு.
மண்ணை வெயில் என்ன செய்யும்?
சாயம் வெளுப்பது நம் பேச்சில் எப்போதும் நரிக்குத்தான்.
ஷ்ராப்ஷைரின் இந்த ஈர வயலில்
அந்தப் பேச்சு தடுக்கி விழுகிறது:
நரி தன் நிறத்திலேயே ஓட,
துரத்துகிறவர்கள் வெளுத்துக்கொண்டே வருகிறார்கள்.

பிறகு அட்டை.
ஆவி காட்டி, எலும்புக் கத்தியை நுழைத்து
ஒரு மணி நேரம் பிரித்தாள்.
இடப்பக்கம், இரண்டு விரல் அகலத்துக்கு
வெளிச்சமே படாத ஓரம்.
அங்கே வானம் நீலம். கூசும் நீலம்.
அங்கே ஓர் ஆள்.

தோளில் மண்வெட்டி. கையில் அணைந்த லாந்தர்.
காலடியில் நனைந்த குட்டைக்கால் நாய்.
கீழே பென்சில் எழுத்து:
ஜேபஸ் பிம், மண் அடைப்பவன்.

நரி இரை தேடிப் போன நள்ளிரவில்
வளை வளையாய்ப் போய்
முட்புதரும் மண்ணும் திணித்து வருவது அவன் வேலை.
விடியும்போது நரிக்கு வீடு இருக்காது.
அதன் பிறகுதான் கனவான்கள் காலை உணவு முடித்து
குதிரை ஏறுவார்கள்.
இரவுக்கு இரண்டு ஷில்லிங்.
அவனை மறைத்து அட்டை வெட்டச் சொன்னது யார் என்று
எந்தக் கடிதத்திலும் இல்லை.

அவன் கழுத்துத் துணிக்கும் அதே பூச்சிச் சிவப்பு.
தூரிகையில் மிஞ்சியதைத் துடைத்ததாக இருக்கலாம்.
மொத்தப் படத்திலும்
இன்னும் சிவப்பாக இருப்பது அது ஒன்றுதான்.

ரோவெனா உருப்பெருக்கியைக் குனிந்து வைக்கிறாள்.
மண்வெட்டியின் இலை சுத்தமாக இருக்கிறது.
அவன் பூட்ஸுக்குப் பின்னால் ஏதோ கருப்பு:
வளையின் வாயோ, சொட்டிய பழுப்போ.
நரியின் மூக்கு இடப்பக்கம் பார்க்கிறது.
இதையெல்லாம் அறிக்கையில் எழுத முடியாது.

புதிய அட்டையின் திறப்பை அகலமாக வெட்டினால்
அவனும் படத்துக்குள் வருவான்.
வந்தால் வெளுப்பான்.

படிவத்தில் ‘திறப்பின் அளவு’ என்ற கட்டம்
மாலைவரை காலியாகக் கிடந்தது.
ஐந்தே முக்கால் பேருந்துக்கு நேரமாகிவிட,
கருப்புத் துணியைப் போர்த்தி,
பென்சிலை அதன்மேலேயே மறந்து வைத்துவிட்டு
விளக்கை அணைத்தாள்.